ஐந்து சிவப்பு விளக்கும் என் இரண்டு கண்ணும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவன், நாற்பத்தாறு வயதில், தொந்தியும் மூக்குக் கண்ணாடியுமாக, ஊர் ஊராகப் போய் கார் பந்தயமும் பைக் பந்தயமும் பார்க்கிறான் என்றால் அதற்குக் காரணம் டோனர், அதாவது ஜெராக்ஸ் மெஷினுக்குப் போடும் மைத்தூள். ஸ்ரீபெரும்புதூரில் டோனர் நல்லதாகக் கிடைக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி பஸ் ஏறினேன். ஏறினதும் தூங்கினேன். கண் விழித்தபோது பஸ் இருங்காட்டுக்கோட்டையில் நின்றிருந்தது. அவசரமாக இறங்கினால், எங்கோ பக்கத்தில் வானத்தை யாரோ வேட்டி கிழிப்பது போலக் கிழிக்கிற சத்தம். சத்தம் வந்த திசையில் நடந்தேன், அது பந்தய மைதானம், டிக்கெட் வாங்கினேன், உட்கார்ந்தேன். சாயங்காலம் வெளியே வந்தபோது காதில் ஊய்ங் என்று ஒரு வண்டு குடியிருந்தது. டோனர் வாங்கவில்லை. அடுத்த ஒரு வாரம் என் கடையில் எடுத்த ஜெராக்ஸ் எல்லாம் பனிமூட்டத்தில் எடுத்தது போல இருந்தது. ஒருவருடைய ஆதார் கார்டில் மூக்கே விழவில்லை. அவர் மிகவும் நல்லவர், மூக்கை பேனாவால் வரைந்துகொண்டு போனார்.

அப்படித்தான் பிடித்தது பைத்தியம். அப்புறம் இருங்காட்டுக்கோட்டைக்கே பல முறை, பிறகு வேலூர், சேலம் என்று பஸ் மாறி மாறி கோயம்புத்தூர் வரைக்கும் போய் வந்தேன். ஊரில் கேட்டவர்களிடம் மோட்டார் ரேஸ் என்று சொன்னதுதான் தப்பு. எங்கள் பக்கம் கார் என்றால் கார், பைக் என்றால் வண்டி. மோட்டார் என்றால் கிணற்று மோட்டார் மட்டும்தான். காவாந்தண்டலத்திலிருந்து பட்டா நகல் எடுக்க வந்த ஒரு விவசாயி, நான் மோட்டார் பார்க்கக் கோயம்புத்தூர் போய்வந்த செய்தியைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கிணற்று மோட்டாருக்குப் பேர் போன ஊராயிற்றே.

"நைனா, அங்க ஏழரை எச்பி இன்னா வெல சொல்றான்?"

"அது வேறங்க. அது ஓட்ற மோட்டாரு."

"ஓடாத மோட்டார எவன் வாங்குவான்?" என்றார் அவர். நான் பட்டா நகலை எடுத்து நீட்டினேன்.

எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது ஜெராக்ஸ்காரன் புத்தி. கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். தேதி, இடம், மாறிய பஸ்கள், பார்த்த பந்தயங்கள், ஸ்டார்ட் பார்த்தது, முடிவுக் கொடி பார்த்தது, கேட்ட சத்தத்தை வைத்தே வண்டியைக் கண்டுபிடித்தது என்று ஏழெட்டுக் கட்டங்கள். அச்செடுத்துப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்ததால் உடனே லேமினேஷன் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் கட்டமெல்லாம் காலி என்பது உறைத்தது. லேமினேஷன் மேல் பேனா எழுதாது. ஸ்கெட்ச் பேனாவால் டிக் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி சுவரைத் துடைக்கும்போது என் மொத்தச் சாதனையும் ஈரத் துணியோடு போய்விடும். நான் மறுபடி உட்கார்ந்து நினைவிலிருந்து டிக் போடுவேன். நினைவிலிருந்து போடும்போது டிக்குகள் கொஞ்சம் கூடுவது இயற்கை.

அதில் ஒரு கட்டத்தில் மட்டும் நான் போட்டதெல்லாம் பொய் டிக். அது 'ஸ்டார்ட் பார்த்தது' என்ற கட்டம்.

ஸ்டார்ட் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வண்டிகள் எல்லாம் வரிசை வரிசையாகக் கோட்டில் வந்து நிற்கும். மேலே ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஐந்தும் எரிந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, எல்லாம் ஒன்றாக அணையும். அணைந்ததும் அத்தனை வண்டியும் ஒரே வளைவை நோக்கிப் பாயும். பந்தயத்தின் உயிரே அந்த நொடிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் எல்லோரும் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஏனென்றால் ஐந்தாவது விளக்கில் என் கண் தானாக மூடிக்கொள்ளும். பஜார் தெருவில் இரண்டு ஷேர் ஆட்டோ எதிரெதிரே வந்தாலே மளிகைக் கடைக்குள் ஏறி நின்றுகொள்ளும் ஆள் நான். இத்தனை பேர் ஒரே வளைவுக்குள் போவதை எப்படிப் பார்ப்பேன்? கண்ணைத் திறந்தால் எதிரே காலி ரோடும் கொஞ்சம் புகையும் இருக்கும். நான் பார்த்த ஸ்டார்ட் எல்லாம் அந்தப் புகைதான்.

இருந்தாலும் டிக் போட்டேன். தாலி கட்டும்போது போட்டோகிராபர் முதுகை மட்டும் பார்த்தவன், கல்யாணத்துக்கு வரவில்லை என்று ஆகிவிடுமா?

இந்த நியாயம் என் மச்சான் கூட வரும் வரைக்கும் நன்றாக ஓடியது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பந்தயத்தைப் படம் எடுக்கிறேன் என்று போனைத் தூக்கியவன், ஸ்டார்ட் நேரத்தில் போனை என் பக்கம் திருப்பிவிட்டான். படத்தில் நான் துண்டால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அது மனைவியின் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் அன்று மாலையே வந்துவிட்டது. அண்ணனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள் என்று ஒரு பெண் அக்கறையாக விசாரித்திருந்தார்.

மனைவி நேரே சமையலறைக்குப் போனாள். அட்டவணையில் அந்த ஒரு வரிசையை மட்டும், வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல், துடைத்தாள்.

ஜனவரி ஒன்று வந்தது. எங்கள் ஊருக்குப் பாடப் புத்தகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது குடவோலை என்பது உங்களுக்குத் தெரியும். ஊர் நடுவே கோயில் சுவரில், யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எப்படி எடுப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையில் எங்களூர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் சீட்டுப் போடுவார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் முதல் சவாரிக்குச் சீட்டு, மகளிர் குழுவில் தலைவிக்குச் சீட்டு. என் வீட்டில் வருஷத்தின் பெரிய இலக்குக்குச் சீட்டு. குடத்துக்குப் பதில் எவர்சில்வர் தூக்கு. நான் ஐந்து சீட்டு எழுதிப் போட்டேன், எல்லாம் உடம்பு நோகாத இலக்குகள்: தொப்பி வாங்குவது, ஒரு ஓட்டுநருக்குக் கைகொடுப்பது, இந்த மாதிரி. தூக்கைக் குலுக்கி மனைவியிடம் நீட்டினேன். அவள் கையை விட்டு ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசித்தாள்.

"லைட்டு அணையும்போது கண்ண மூடாம ஸ்டார்ட்டு பாக்கணும்."

அது என் கையெழுத்து இல்லை. தூக்கைக் கவிழ்த்து எண்ணினேன், மீதி ஐந்து சீட்டு இருந்தது.

"இன்னாமே இது, கள்ள ஓட்டு."

"தூக்குல வுழுந்தது வுழுந்ததுதான். கோயில் செவுத்துல அப்டித்தான் எய்திக்கீது." கோயில் சுவரில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய எழுத்தைப் படிக்க எங்கள் இருவருக்கும் தெரியாது என்பதால் விவாதம் அங்கேயே நின்றது. அவள் மேலும் ஒரு விதி சேர்த்தாள். வருஷக் கடைசிக்குள் முடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் தூக்கில் பந்தயச் சீட்டே விழாது. பந்தயத்துக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு பழையசீவரம் மலையேறி சாமி கும்பிட வேண்டும். என் முழங்காலுக்கு அந்த மலையைத் தெரியும்.

அன்றிலிருந்து பயிற்சி. குக்கர் முன்னால் போய் நிற்பேன், விசில் வரும்போது கண்ணை மூடக் கூடாது. முதல் மாதம் விசிலுக்கு முன்னால் வரும் உஸ் சத்தத்துக்கே மூடிக்கொண்டேன். மூன்றாவது மாதம் பருப்புக்குத் தாங்கினேன். கறிக் குழம்பு வரைக்கும் வந்ததும் தைரியம் பிறந்தது, இருங்காட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

முதல் முயற்சியில் கண்ணை மூடவே இல்லை, சத்தியம். நான்கு விளக்குக்கும் இமைக்காமல் இருந்ததில் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்தேன். துடைத்த இடைவெளியில் பந்தயம் தொடங்கிவிட்டது. இரண்டாவது முயற்சியில் இமையை விரலால் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மனிதர் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று இரக்கப்பட்டு, சரியாக ஐந்தாவது விளக்கில் என் முகத்தைத் திருப்பி, உஃப் என்று ஊதினார். அவரை நான் திட்டவில்லை. அவ்வளவு சுத்தமாக ஊதினார்.

மிஞ்சியது வருஷத்தின் கடைசிப் பந்தய நாள். இனி உன் பேச்சை நம்ப முடியாது, நானே சாட்சி என்று மனைவியும் கிளம்பிவிட்டாள். அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிப் பையில் வைத்தாள். என் கடையிலிருந்து அழியாத மார்க்கர் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். லெமன் சாதம், மோர், மார்க்கர். இந்த மூன்றோடு காஞ்சிபுரம் போய் பஸ் மாறினோம். வழி முழுக்க நான் இமைக்காமல் இருந்து பழகினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகக் கடலை தின்றாள்.

முதலில் கார் பந்தயம். வண்டிகள் வந்து நின்றன. ஒரு விளக்கு, இரண்டு, மூன்று. நான்கு. கண் திறந்துதான் இருந்தது. ஐந்து. அப்போது என் சட்டையை யாரோ இழுத்துப் பிடிப்பது தெரிந்து திரும்பினேன். என் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் பெரிய இரைச்சல் கேட்டு அடங்கியது.

"கண்ண மூடிக்கினே," என்றேன்.

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"நீ இன்னாத்துக்கு என் மூஞ்சப் பாத்தே? ரேஸு அங்க கீது."

என் கண் திறந்திருந்தது என்பது உண்மை. அந்த நேரத்தில் ஸ்டார்ட் நடந்தது என்பதும் உண்மை. ஆனால் டிக் கிடையாது என்று சாட்சி சொல்லிவிட்டாள். கண்ணை மூடியிருந்த சாட்சி எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று நான் கேட்க, லெமன் சாதம் முடியும் வரைக்கும் வழக்கு நடந்தது. கடைசியில், மீதியிருப்பது மதியத்து பைக் பந்தயம் ஒன்றுதான், அதை இரண்டு பேருமே பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. பயத்தில் அவள் கை என் கையைவிட ஜில்லென்று இருந்தது. அதில் எனக்கு ஒரு தெம்பு.

பைக்குகள் வந்து நின்றன. ஒரு விளக்கு. "மூடாத," என்றாள். இரண்டு. "நீ மூடாத," என்றேன். மூன்றும் நான்கும் எப்படிப் போயின என்று தெரியாது. ஐந்து. உலகத்தில் காற்றே இல்லை.

அணைந்தது.

பார்த்தேன். ஐயோ, முழுசாகப் பார்த்தேன். முன் வரிசைச் சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. நான்காவது வரிசையில் ஒரு வெள்ளை வண்டி மட்டும் என்ஜின் அணைந்துபோய் அப்படியே நின்றுவிட்டது. அதன் மேல் இருந்தவன் கையைத் தூக்கிக் காட்டினான். பின்னால் வந்த அத்தனை பேரும் அவனுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, ஒருத்தன் துணி ஒருத்தன் மேல் படாமல் தாண்டினார்கள். இத்தனை வருஷம் எதை நினைத்துக் கண்ணை மூடினேனோ அதற்கு மிக அருகில் வந்த காட்சி அது, ஒன்றுமே ஆகவில்லை. புனலில் ஊற்றிய எண்ணெய் போல எல்லோரும் அந்த வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போனார்கள். அவனும் வண்டியைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். நானும் மனைவியும் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தோம். எப்போது ஏறினோம் என்று தெரியாது.

டிக் கேட்டேன். அவள் மார்க்கர் மூடியைத் திறக்காமல் விசாரணையைத் தொடங்கினாள். நின்னுபோனது எந்த வரிசை? நான்கு. இன்னா கலர்? வெள்ளை. எந்தக் கையைத் தூக்கினான்? இடது. அவள் சோத்துக்கை என்றாள். முன்வரிசை மனிதரைக் கேட்டோம், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். என்னைப் பெஞ்சில் பைக் ஓட்டுவது போல உட்காரவைத்து, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு, இப்போது தூக்கு என்றாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறேன் என்றேன். நாலைந்து முறை கையை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்த பிறகு, எங்களுக்கு எதிர்ப்பக்கமாக அவன் முகம் இருந்ததா இல்லையா என்று புதிதாக ஒரு சிக்கல் வந்தது. கடைசியில் அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சரி, எடது கையின்னே இருக்கட்டும். பாத்துட்டே," என்று டிக் போட்டாள். வாலை நீட்டி, கட்டத்துக்கு வெளியே போகும்படி பெரிய டிக். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மோர் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. அட்டவணையை அவள் பக்கம் தள்ளினேன், அவளும் முந்தானையால் அழுத்தித் தேய்த்துவிட்டுச் சிரித்தாள்.

தலை நிமிர்ந்தபோது ஓட்டியவர்கள் கையசைத்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜனம் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தது. பந்தயம் முடிந்துவிட்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் போன் செய்து யார் ஜெயித்தது என்று கேட்டான். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைக் கேட்டேன்.

"எவனாவது ஜெயிச்சிருப்பான். போன வெய்யா," என்றாள்.