தனித்தனியாகப் பார்க்க வேண்டிய படங்கள்

வானத்தை ஆராயப் பலூன் விட்டவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. அந்தப் பலூன் கொண்டுவந்த படங்களைக் கண் பூத்துப்போகப் பார்த்த பெண்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. ஹைதராபாத்தில் பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தவள் அனசூயா. ஜனகாமத்தில் பிறந்து, ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். நேர்காணலில் பொறுமை உண்டா என்று கேட்டதற்கு, "மாமியாரோட நாலு வருஷம் இருந்திருக்கேன் சார்" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

வானத்திலிருந்து வரும் காமா கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. ஆகவே பெட்டியைத்தான் மேலே அனுப்ப வேண்டும். பெட்டிக்குள் அடுக்கடுக்காக உலோகத் தகடுகள் இருக்கும். கதிர் கண்ணில் படாமல் நுழைந்து, ஏதோ ஒரு தகட்டில் இரண்டு துகள்களாக உடையும். அவை போகும் வழியெல்லாம் தீப்பொறி தெறிக்கும். கேமரா அதைப் படம் பிடிக்கும். படத்தில் அது கவிழ்த்து வைத்த கவட்டை மாதிரித் தெரியும். கேமராவுக்கு எது கதிர், எது குப்பை என்று தெரியாது. நூறு படத்தில் ஒன்றில் கவட்டை இருந்தால் அதிர்ஷ்டம்.

எழுபத்தோராம் வருஷம் ஏப்ரலில் விட்ட பலூன் நல்ல பலூன். நண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்களே, வெடித்துச் சிதறிய நட்சத்திரம், அது பிற்பகலில் நேர் உச்சிக்கு வந்தபோது பெட்டியும் மேலே இருந்தது. இறங்கிய பெட்டியிலிருந்து பதினோரு சுருள் படம் கிடைத்தது. ஒவ்வொரு சுருளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, கவட்டை உள்ள படங்களைப் பட்டியல் போட வேண்டும், ஒருத்தி பட்டியலை மற்றவள் பார்க்கக் கூடாது. இவள் விட்டதை அவள் பிடிப்பாள், அவள் விட்டதை இவள் பிடிப்பாள். அதை வைத்துத்தான் இருவருமே விட்டது எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள்.

இன்னொருத்தி தாஹிரா. மொகல்புராக்காரி, கணவனை இழந்தவள். வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த தகப்பன். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அக்கா என்பதற்கு அனசூயா அவளை ஆபா என்றுதான் கூப்பிடுவாள். மூன்றாம் சுருளில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்ன ஆபா, கண்ணுல தூசா?"

"தூசி இல்லடி அனசூ. நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. எங்க பாத்தாலும் கூடவே வருது. டாக்டர் இனி போகப் போக இப்படித்தான்னுட்டார். வெளிய சொல்லிடாதே, சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

அனசூயா சொல்லவில்லை. நாலாம் சுருளிலிருந்து தன் பட்டியலையே தாஹிராவின் தாளில் எழுதிக் கொடுத்தாள். அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று பத்துக்கு ஒன்றாக விட்டுவிட்டு எழுதினாள். ரொம்பச் சாமர்த்தியமாகச் செய்ததாக நினைப்பு. சாப்பாட்டு நேரத்தில் தாஹிரா புளிப்புப் பருப்பை அவள் தட்டில் கூடுதலாக ஊற்றுவாள்.

டிசம்பரில் நரசிம்மம் சார் இருவரையும் கூப்பிட்டார். அந்தப் படங்களுக்குப் பொறுப்பு அவர்தான். கோபப்படத் தெரியாத மனிதர், அன்று முகம் வெளிறியிருந்தது.

"தாஹிராம்மா, முதல் மூணு சுருள்ல அனசூயா விட்டதுல இருபத்தாறு நீங்க பிடிச்சிருக்கீங்க. நாலாவதுலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. நீங்க பாத்ததெல்லாம் அவங்களும் பாத்திருக்காங்க. மனுஷக் கண்ணுக்கு இது நடக்காதும்மா. யாரு யாரைப் பாத்து எழுதினது?"

அனசூயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாஹிரா பட்டியலிலிருந்து எடுக்கத் தோன்றியதே ஒழிய, தான் காணாத ஒன்றை அதில் சேர்க்கத் தோன்றவே இல்லை. இல்லாத கவட்டையை எழுதுவது பொய் என்று கை கூசியிருக்கும். பார்க்காதவள் பெயரில் பட்டியல் எழுதியது மட்டும் என்ன?

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். தாஹிரா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். இவ இல்லாத நேரத்துல இவ மேசையைத் திறந்து காப்பியடிச்சேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்படியா அனசூயாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். வீட்டு வாடகை, மூத்த மகளின் பள்ளிக்கூடம், மாமியார் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அனசூயா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. தாஹிராவுக்கு அன்று மாலையே வேலை போய்விட்டது. மீதி எட்டுச் சுருளையும் வேறொரு பெண் முதலிலிருந்து பார்த்து, அனசூயா தவறவிட்ட எழுபத்தொன்றைக் கண்டுபிடித்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கட்டுரை அச்சாகி வந்தது. நண்டின் திசையிலிருந்து கதிர் வருகிறது என்று சொல்லும் கட்டுரை. அனசூயா ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் சாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று தாஹிராவிடம் சொல்லத்தான் மொகல்புராவுக்குப் போனாள்.

தாஹிரா குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டாள். "வந்துட்டியாடி! ஏன் இவ்வளவு நாளாச்சு, வழி மறந்துபோச்சா?" தகப்பன் இறந்துபோயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் சமைத்துக் கொடுக்கிறாளாம்.

"உன்னை வெச்சிருக்காங்கல்ல?"

"வெச்சிருக்காங்க ஆபா."

"அது போதும். இல்லேன்னா நான் சொன்ன பொய் வீணாப் போயிருக்கும்." கையில் தாள் உரசியதும் கேட்டாள். "இது என்ன, நம்ம படமா? அச்சாயிடுச்சா? கடைசியில படம் பாத்தவங்களுக்கு நன்றி போடுவாங்களே, என் பேரு இருக்கா?"

கடைசியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அனசூயா, மற்றது அந்தப் புதுப் பெண்.

"இருக்கு ஆபா. முதல்லயே இருக்கு."

"எங்கடி? காட்டு."

சாரிடம் சொல்லப்போகிற பேச்சை எடுக்காமலே அனசூயா அவள் விரலைப் பிடித்து, தன் பெயரின் மேல் வைத்தாள். தாஹிரா அதைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.