எதிரிக்குப் பரிமாறிய உருளைக்கிழங்கு

சமையல் லாரியில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு சாபம் உண்டு: ஊரே எழுந்து நின்று கைதட்டுகிற ஷோவை அவள் மட்டும் பார்க்க முடியாது.

பிள்ளைகளை டான்ஸ் கிளாஸுக்கும் நீச்சல் கிளாஸுக்கும் டிரைவ் பண்ணியே இடுப்பொடிந்த அம்மாக்களே, அப்பாக்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். எண்பதுகளில் நாங்கள் நியூ ஜெர்ஸியில் ஐசலின் பக்கம் இருந்தோம். என் பெண் மாலா பரதநாட்டியம் ஆடுவாள் என்று நான் மெட்ராஸிலிருந்து சலங்கை வரவழைத்து வைத்திருக்க, அவள் போய்ச் சேர்ந்த இடம் டிரம் கோர். அதாவது, டிரம்மும், பிகிள் என்கிற ஊதுகொம்பும், கொடியுமாகப் பெரிய படையே ஃபுட்பால் மைதானத்தில் நடந்துகொண்டு வாசிக்கும். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள். ஸ்கூல் ஜிம்மில் தரையில் படுப்பார்கள். மற்றக் குழுக்களோடு போட்டி போடுவார்கள். இத்தனை பேருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சம்பளமில்லாத சமையல்காரியாக நானும் லாரியில் ஏறினேன்.

இருபத்தொரு வயது தாண்டினால் குழுவில் இடம் கிடையாது. மாலாவுக்கு அதுதான் கடைசிக் கோடை. டெக்ஸாஸில் நடக்கும் பெரிய போட்டியில் பகலில் எல்லோரும் வாசிப்பார்கள். தேறுகிற பன்னிரண்டு குழுக்கள் மட்டும் சாயங்காலம் ஃபைனல்ஸ் வாசிக்கும். எங்கள் குழு அந்தப் பன்னிரண்டில் வந்ததே இல்லை. மாலாவுக்கு ஒரே ஒரு தடவை ஃபைனல்ஸில் வாசிக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு தடவை அவள் வாசிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாசித்துவிட்டு வரும்போது பிள்ளைகளுக்குச் சூடாகச் சாப்பாடு இருக்கணுமே, அதனால் அவள் மைதானத்தில் இருக்கும் நேரமெல்லாம் நான் அடுப்படியில். சத்தம் மட்டும் கேட்கும்.

எங்களுக்கு நேர் எதிரி, கலிபோர்னியா பே ஏரியாவிலிருந்து வந்த குழு. ஒரு ஊரில் அவர்கள் ஒரு படி மேலே, அடுத்த ஊரில் நாங்கள். பன்னிரண்டாவது இடம் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

தேங்க்யூ சொன்னபோதே முழித்திருக்கணும்

டாலஸுக்கு வடக்கே, ஆலன் பக்கத்தில் ஒரு ஸ்கூல், இரண்டு குழுவுக்கும் அன்றைக்கு அங்கேதான் தங்கல். பார்க்கிங்கில் லாரியை நிறுத்தி, மஞ்சள் தூள் போட்டு, கடுகு தாளித்து, மலைபோல உருளைக்கிழங்கு வதக்கி, முட்டையும் பொரித்து வைத்தேன். பஸ் வந்தது. அரை டிராயர், கிழிந்த பனியன், வெயிலில் வெந்த மூக்கு. வரிசையாக வந்தார்கள், நானும் அள்ளி அள்ளிப் போட்டேன். ஒவ்வொருத்தரும் "தேங்க்யூ மேம், தேங்க்யூ மேம்" என்றார்கள். எங்கள் பிள்ளைகள் அப்படியெல்லாம் சொல்லுகிற ஜாதியா? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பாத்திரம் காலியான பிறகுதான் எங்கள் பஸ் உள்ளே நுழைகிறது! அத்தனையும் தின்று தீர்த்தது கலிபோர்னியா கோஷ்டி.

எனக்குத் தலை சுற்றியது. அதற்குள் பக்கத்து லாரியின் கதவு திறந்தது. அவர்களுடைய சமையல்காரி டோரத்தி, என்னைவிட இரண்டு பங்கு உருவம், ஒரு கையில் கரண்டியோடு இறங்கி, எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தன் பிள்ளைகளுக்கென்று சுட்டு வைத்திருந்த பான்கேக்கையெல்லாம் போட்டு முடித்தாள். நான் கூனிக்குறுகிப் போய் ஸாரி சொன்னேன். அவள் பேசியது இங்கிலீஷ்தான், என் காதில் விழுந்தது இப்படி: "ஸாரியெல்லாம் இருக்கட்டும் கமலா, அந்த உருளைக்கிழங்குல என்ன போட்டேன்னு மொதல்ல சொல்லு."

இரண்டு கட்சியும் ஒரே வண்டியில்

பெரிய போட்டி நடக்கும் ஹூஸ்டனுக்குப் போனதும், நம்மூர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டில் மளிகை வாங்கக் கிளம்பினேன். டோரத்தியும் தொற்றிக்கொண்டாள். கடையில் பில் போடுகிறவர் மதுரைக்காரர். டோரத்தி கடுகை மோந்து பார்க்கிறாள், பெருங்காயத்தை மோந்துவிட்டு இரண்டடி பின்னால் போகிறாள், சிரிப்பு தாங்கவில்லை எனக்கு. மனுஷனிடம் கதை முழுக்க ஒப்பித்தேன். இவங்க குழுவும் எங்க குழுவும் ஜன்ம விரோதிகள், நாளைக்குத்தான் தீர்ப்பு என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்க்கா, ரெண்டு கட்சியும் ஒரே கார்ல வந்து ஒரே கடுகை வாங்கினா, அப்புறம் எலெக்‌ஷன் எதுக்கு?"

சமையல்கட்டு டவல்

மறுநாள் பகல் போட்டி. எங்கள் டிரம்களை ஏற்றி வந்த லாரி ஃப்ரீவேயில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பிள்ளைகள் யூனிஃபார்மோடு வாசலில், பிகிள் கையில், டிரம் ஒன்றுகூட இல்லை. டிரம் இல்லாமல் டிரம் கோரா! மைதானத்தில் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது கலிபோர்னியா. அடுத்தது நாங்கள். மாலா முகத்தில் ரத்தமே இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன், ஓடி என்ன பண்ணப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கலிபோர்னியாப் பிள்ளைகள் வேர்த்து வழிய வெளியே வந்தார்கள். விஷயம் காதில் விழுந்ததுதான் தாமதம், ஒருத்தரும் யாரிடமும் பர்மிஷன் கேட்கவில்லை. தோளிலிருந்து டிரம்மைக் கழற்றி எங்கள் பிள்ளைகள் தோளில் மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள்! ஒருத்தன் குனிந்து ஸ்க்ரூவை முடுக்குகிறான், இன்னொருத்தி வாரை இழுத்துக் கட்டுகிறாள். மாலாவுக்கு டிரம் கொடுத்தவன் பனைமரம் மாதிரி இருந்தான். அவன் தோளுக்குச் செய்த, டிரம்மைத் தாங்கும் சட்டம் இவளுக்குத் தொளதொளவென்று ஆடியது. என் இடுப்பில் செருகியிருந்த சமையல்கட்டு டவலை உருவி, இரண்டாகக் கிழித்து, தோளுக்கடியில் திணித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது!

மாலா அவனிடம், "இதை வச்சே உங்களை நாங்க ஜெயிச்சுட்டா?" என்று கேட்டாள். கேட்கிற கேள்வியா இது, அசடு! அவன் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "ஜெயிச்சுக்கோ. கையில டிரம் இல்லாதவங்களை ஜெயிச்சு எங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

கரண்டி கை மாறியது

நான் அடுப்படிக்கு ஓடினேன், வழக்கம்போல. பகல் ஷோவும் சத்தம் மட்டும்தான். பிறகு ஒலிபெருக்கியில் முடிவு சொன்னார்கள். பன்னிரண்டாவது இடம் எங்களுக்கு. பதின்மூன்றாவது கலிபோர்னியா, அதுவும் ஒரு நூலிழையில்!

எங்கள் பிள்ளைகள் கத்திய கத்தலில் காது போய்விட்டது. எனக்கும் குதிக்கத்தான் ஆசை, ஆனால் டோரத்தி என் லாரியை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவள் பிள்ளைகளின் டிரம்மை வாங்கி, அவள் பிள்ளைகளையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்? வெங்காயம் நறுக்குவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். "எங்களுக்குத்தான் இனிமே ஷோ கிடையாதே. நான் பார்த்துக்கறேன், நீ போய் உன் பொண்ணைப் பாரு."

முதல் வரிசையில் நான்

போனேன். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஃப்ரீவேயில் நின்ற டிரம் லாரியும் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. மாலா அவளுடைய டிரம்மையே மாட்டியிருந்தாள். சாயங்கால வெயிலில் அவர்கள் வரிசை திரும்பி என்னைப் பார்த்து வந்தபோது, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். என் பெண்ணின் கை கண்ணுக்கே தெரியவில்லை, அத்தனை வேகம்! இதற்காகவா சலங்கையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தேன்? முடிந்ததும் முதலில் எழுந்து நின்றது கலிபோர்னியாப் பிள்ளைகள். ஊருக்குக் கிளம்பாமல் மொத்தக் குழுவும் உட்கார்ந்திருந்தது. அந்தப் பனைமரம் விசிலடித்தே தொண்டையைத் தீர்த்துக்கொண்டான்.

லாரிக்குத் திரும்பினால், இரண்டு குழுவும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிறது. டோரத்தி போட்டுக்கொண்டிருந்தது மஞ்சள் தூள் போட்டு, கடுகு தாளித்த உருளைக்கிழங்கு. என் மாலா, என் வயிற்றில் பிறந்த மாலா, வாய் நிறைய அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, டோன்ட் பி மேட், ஆனா இது உன்னுதைவிட பெட்டர்."

ஆகக்கூடி, கோடை முழுக்க நான் எதிரி எதிரி என்று கரித்துக்கொட்டியதில் நிஜமான போட்டி அந்த ஒன்றுதான், அதிலும் தோற்றது நான்தான்.