கரடிக்குள் வைக்கோல்

உலகச் சண்டை முடிந்த மறு வருடம், தூத்துக்குடியில் ஒரு பஞ்சாலையின் பிள்ளைக் கொட்டகையில் எனக்கு வேலை. ஆலைக்கு வரும் பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தம் பதினொரு பேர். யாருக்கும் ஐந்து வயது நிரம்பவில்லை. ஆலையின் வெள்ளைக்கார மேலாளர் ஊருக்குக் கப்பலேறும் முன், அவர் மனைவி கொட்டகைக்கு ஒரு படப்புத்தகம் கொடுத்தார். பொம்மைக் கரடி ஒன்றின் கதை. ஆங்கில வரிகளைத் தமிழில் எழுதி, அந்தந்தப் பக்கத்தில் தாள் செருகி வைத்துக்கொண்டுதான் வாசிக்க உட்கார்ந்தேன். ஆயத்தம் இல்லாமல் எதையும் தொடுவது எனக்கு ஆகாது.

மூன்று பக்கம் வரை சிரித்தார்கள். நான்காம் பக்கத்தில் கரடியின் வயிற்றுத் தையல் பிரிந்து வைக்கோல் வெளியே தெரியும். இன்னும் சிரிப்பார்கள் என்று படத்தை உயர்த்திக் காட்டினேன். முன்னால் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"டீச்சர், இது எப்பம் செத்துச்சு?" என்றான் ஒரு பையன்.

"சாகலப்பா. இது பொம்ம."

"பொறவு ஏன் உள்ள வைக்கோல் இருக்கு? தோல உரிச்சுத்தான அடைப்பாவ?"

"இதுக்க அம்மைகிட்ட பால் கறக்கணும்லா, அதுக்குத்தான்" என்று இன்னொருவன் அவனுக்கு விளக்கம் சொன்னான்.

கன்று செத்துப்போனால் பால்காரர்கள் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும். உள்ளே அடைத்துத் தைத்த மிருகம் என்று இந்தக் குழந்தைகள் கண்டது அது ஒன்றுதான்.

நகராமல் உட்கார்ந்திருந்தவள் ஒரு நாலு வயதுப் பெண். பத்து நாளுக்கு முன் அவளுடைய கைக்குழந்தைத் தம்பி காய்ச்சலில் இறந்திருந்தான். தாய் வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் கொண்டுவரும் சோற்றைத் திறப்பதே இல்லை.

"டீச்சர், அது நெசக் கன்னு இல்லன்னு மாட்டுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில்.

மறுநாள் காலை பால்காரர் வழக்கம்போல அடைத்த கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பசுவை என் வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தார். அவர் வரும் நேரத்தை ஆறு வருடமாக நாட்குறிப்பில் எழுதிவந்தேன். கன்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்றுதான் அதன் முகத்தைப் பார்த்தேன். கண் இருந்த இடங்களில் கறுப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. பசு அங்கேதான் நக்கிக்கொண்டிருந்தது.

"என்ன மதினி, அப்பிடிப் பாக்கிய? பழசுதான். அவளுக்கு இது போதும்" என்றார்.

வெறும் சொம்போடு உள்ளே வந்துவிட்டேன்.

கொட்டகையில் அந்தப் பெண் எனக்காகக் காத்திருந்தாள். கையில் தம்பியின் சட்டை. ஆலைக்கு வெளியே கிடக்கும் கழிவுப் பஞ்சை அதில் அடைத்து, கைகளையும் அடிப்பக்கத்தையும் நூலால் கட்டியிருந்தாள்.

"கழுத்து மட்டும்தான் பாக்கி. கரடிக்குத் தெச்ச மாதிரி தெச்சுத் தாங்க டீச்சர். அம்மை மத்தியானம் வருவா."

அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அழவில்லை. அலமாரிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானச் சங்கு ஊதியதும் தாய் வந்தாள்.

"ஏளா, அங்கன என்ன பண்ணுத?"

"டீச்சர் தம்பிய உள்ள வச்சுப் பூட்டிட்டாவ."

தாய் என்னைப் பார்த்தாள். பூட்டைத் திறந்து சட்டையை எடுத்துக் கொடுத்தேன். கரடி, வைக்கோல், மகள் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் முகத்தில் விட்டெறிவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுக்குத் தல எங்க?"

"செய்யத் தெரியல."

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துப் போட்டாள். "என்னிய மாடுன்னு நெனச்சியாட்டி? மாடுன்னா நெனச்ச?" அதன் பிறகு அவள் அழுத சத்தத்தில் மற்றக் குழந்தைகளும் அழத் தொடங்கின.

அன்று அவள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். மகளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். அடுத்த சங்குக்கு எழுந்தபோது சட்டையை என்னிடம் நீட்டினாள்.

"தைக்க வேண்டாம் டீச்சர். பஞ்ச எடுத்துட்டு வையுங்க. சாயங்காலம் வாங்கிக்கிடுதேன்."

பஞ்சை எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு சின்னச் சட்டைக்குள் அவ்வளவு அடைத்திருந்தாள்.