துணி அடுக்கின் மேல் ஒரு தீ

சைகோன் மார்க்கெட்டில் என் மனைவி ஒரு பட்டுத்துணியை விரித்துப் பார்த்தாள், விலை கேட்டாள், பாதிக்குக் கேட்டாள், பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டு நடந்தாள். மகன் வேலை பார்க்கிற ஊர் என்று கப்பலேறாத குறையாக வந்தாலும் அருப்புக்கோட்டைக் கை மாறுமா? நாலு எட்டு போயிருப்போம். காகிதம் கருகும் வாசனை வந்தது. திரும்பினால், கடைக்காரம்மா ஒரு தாளைக் கொளுத்தித் துணி அடுக்கின் மேல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, வாரீகளா இல்லையா?"

நான் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு, எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்குப் போய்விட்டது. சேலை மடிக்கிற வேலை. அது கௌரவத்துக்குச் சொல்வது. பாதி நேரம் முதலாளிக்கு டீ வாங்கப் போவதுதான் வேலை. அந்த டீக்கடை வாசலில்தான் தினமும் காலையில் அந்தத் தம்பதி நிற்பார்கள்.

அவர் திருச்சுழிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் சைகோனுக்குப் போய், அங்கே சொந்தமாக ஜவுளிக்கடை வைத்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டி, வியட்நாம் சண்டை முடிந்தபோது கடையை அப்படியே விட்டுவிட்டு மனைவியோடு ஊர் வந்தவர். நான் பார்த்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. விடிந்தால் கடை திறக்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். அவர் கண்ணுக்கு எங்கள் கடைதான் அவர் கடை. உள்ளே வந்து மெத்தையில் உட்கார்ந்து, துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தால் முகம் அப்படியே தெளிந்துவிடும். ஒரு மணி நேரம் சும்மா இருப்பார். வேறெங்கும் அந்த மனிதர் அமைதியாக இருந்ததில்லை.

அந்தம்மா எங்கள் பேச்சைத் தன் ஊர் ராகத்தில் பேசுவார். "தம்பி, போணி ஆயிருச்சா?" என்று என்னிடம் கேட்பார். ஆகாமல் படியேற மாட்டார். முதல் போணிக்கு யார் முகத்தில் விழிப்பது என்று பார்க்கிற ஊர் இது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஆகும்வரை கணவரைக் கைப்பிடித்து பஜாரைச் சுற்றிக் காட்டுவார். டீக்கடையிலிருந்து காய்கறி மார்க்கெட் வரைக்கும் இருந்த சந்து அவருக்குச் சைகோனின் கத்தினா வீதி. சாக்கடையோரம் ஆற்றங்கரை ரோடு. "கப்பல் வந்துருச்சாலே?" என்று என்னைக் கேட்பார். ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை நடக்கிற ஊரில் கப்பல். "வந்துருச்சுய்யா" என்பேன். வேறென்ன சொல்வது?

ஓர் ஆடி மாதம். ஈயோட்டிக்கொண்டிருந்தோம். ஆவணிக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. அன்றைக்குப் பார்த்து அவர் மனைவியின் கையை உதறிவிட்டுப் போணிக்கு முன்பே உள்ளே வந்துவிட்டார். பெண்ணின் கையிலிருந்த சேலையை வாங்கி, அந்த ஊர் பாஷையில் அதன் அருமையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் மிரண்டு எழுந்து போய்விட்டார்கள்.

ஓடிவந்த அந்தம்மாவுக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, துண்டுப் பேப்பரைக் கொளுத்தி, சேலை அடுக்கின் மேல் சுற்றினார். ஜவுளிக்கடையில் தீ!

"ஏய், கடையக் கொளுத்தப் பாக்குறியா? செய்வினையா வைக்கிற?" முதலாளி பிடுங்கித் தெருவில் எறிந்தார். "இனி ரெண்டு பேரும் இந்தப் படி ஏறக் கூடாது."

"இல்ல முதலாளி... நல்லது... கடைக்கு நல்லது" என்றார் அந்தம்மா. அதற்கு மேல் அவரிடம் தமிழ் இல்லை. எனக்கோ ஒரு மண்ணும் புரியவில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள், அன்றைக்கு அந்திவரை கடையில் கூட்டம் ஓயவில்லை. "சனியன வெளியேத்துனோம்ல" என்றார் முதலாளி.

அதற்குப் பிறகும் அவர் காலையில் வந்து படிக்குக் கீழே நின்றார். "ஏலே, ஏங் கடைலே இது, உள்ள விடுலே" என்று என்னிடம் அழுவார். அந்தம்மா கைப்பிடித்து இழுத்துப் போவார். ஐப்பசி மழைக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தார். அந்தம்மா, சைகோனிலிருந்து வந்தவர்கள் இருக்கிற புதுச்சேரிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள்.

சைகோன் மார்க்கெட்டில், கூட வந்த மகனிடம் அந்தத் தீயைக் காட்டிக் கேட்டேன். "அது ஒண்ணுமில்லப்பா" என்றான். "முதல் போணிக்கு வந்தவங்க வாங்காமப் போனா, இப்படிக் கொளுத்தித் தரித்திரத்த விரட்டுவாங்க. நாமதான் இன்னைக்கு மொத ஆளு போல."

முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. முதலாளி இல்லை. அந்தக் கடை இப்போது செல்போன் கடை. தான் கொண்டுவந்த தோஷத்தைத் தானே எடுத்துப்போகத்தான் அந்தம்மா அன்றைக்குப் பேப்பரைக் கொளுத்தினார் என்று இனி யாரிடம் போய்ச் சொல்ல?

"இங்க கத்தினா வீதி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

மகன் போனில் தேடினான். "அந்தப் பேர்ல இப்ப தெரு இல்லப்பா. எப்பவோ மாத்திட்டாங்களாம்."

இருந்தது. அருப்புக்கோட்டையில், டீக்கடையிலிருந்து காய்கறி மார்க்கெட் வரைக்கும்.