உப்புப் பெட்டியும் மீன் பெட்டியும்

ராயபுரத்தில் கஸ்பார் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். பேப்பர் கஸ்பார் என்று கேட்டால்தான் நம்ம ஆளின் வீடு வரும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் குமாஸ்தா. அது வயிற்றுக்கு. உயிருக்கு வேறு வேலை இருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் இந்தக் கரையில் என்னென்ன நடந்தது என்று சொல்லும் தாள் எது கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். படகு லைசென்சு, புயல் சேத அறிக்கை, கோயில் வழக்குத் தீர்ப்பு, எதையும் விடமாட்டார். அப்படி ஒரு பைத்தியம் மனுஷனுக்கு!

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது ஆபீஸ்களெல்லாம் இடம் மாறின. வேண்டாத காகிதத்தைக் கோணி கோணியாக வாசலில் எறிந்தார்கள். ஊரெல்லாம் அண்டா குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓட, கஸ்பார் அந்தக் கோணிகளைக் கைவண்டியில் ஏற்றினார். மனைவி அடைக்கலமேரியின் தையல் மிஷினுக்கு வண்டியில் இடமில்லாமல் போய்விட்டது. ஒன்பது வருஷமாக அதை அவள் வாரம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டுமே, நியாயம்தானே?

சண்டை முடிந்து திரும்பியதும் தாள்களை இரண்டு தகரப் பெட்டிகளில் பிரித்து வைத்தார். உப்புப் பெட்டியில் உப்பளம், உப்புப் படகு, உப்பு அதிகாரிகள். மீன் பெட்டியில் குப்பம், வலை, கட்டுமரம். ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, அதில் மகா கண்டிப்பு. வாய்வார்த்தையையும் அவர் நம்பமாட்டார். தாளில் இருந்தால்தான் அவருக்குச் சரித்திரம்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் பெரிய சத்தம்.

"நைனா கீறாரா உள்ள?"

முகத்துவாரக்குப்பத்திலிருந்து ரயிலேறி வந்து தெருத் தெருவாக மீன் விற்கும் தாயம்மா. அன்றைக்கு அவள் கூடை காலியாக இருந்தது.

"என்ன தாயம்மா, மீன் இல்லையா?" என்றாள் அடைக்கலமேரி.

"மீனு கெடக்கட்டும் மேரியம்மா. எங்க குப்பத்தையே தூக்கப் போறானுங்க!"

சங்கதி இதுதான். முகத்துவாரத்து மணல்மேட்டில் ஏதோ ஒரு கம்பெனிக்குக் கிடங்கு கட்ட இடம் வேண்டுமாம். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் குப்பத்தைக் காலி செய்ய வைத்தார்கள். ஜனங்கள் நாற்பத்தைந்தில் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். இப்போது வந்த விசாரணை அதிகாரி, இது ஆறு வருஷக் குடிசை, இங்கே இவர்களுக்கு உரிமை கிடையாது என்கிறார். அதற்கு முன்னால் இருந்ததற்குத் தாள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் காட்டச் சொல்லியிருக்கிறார்.

"நீ இத்தினி பேப்பரு வச்சிகினு கீறே. நாங்க அங்கதான் இருந்தோம்னு ஒரே ஒரு பேப்பரு குடு நைனா. அம்பது வூடு. எங்க போவோம்?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கஸ்பாருக்கு வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. இருபது வருஷத்தில் அவருடைய தாளைக் கேட்டு ஒரு ஆள் படியேறியது அன்றைக்குத்தான்!

"நிச்சயமா இருக்கும் தாயம்மா. நீ போ, நான் எடுத்துகிட்டு வர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

லீவு போட்டார். மீன் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தார். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. மற்ற குப்பங்களுக்கெல்லாம் ஏதோ ஒன்று கிடைத்தது. முகத்துவாரக்குப்பத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை! அடியில் கிடந்தது அவருடைய பழைய நோட்டு ஒன்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தாயம்மாவின் அண்ணன் அப்பாவு சொன்னதை அதில் எழுதியிருந்தார். கடலுக்கடியில் குட்டிப் பார் என்று ஒரு சின்னப் பாறை உண்டு, அங்கே மீன் மொய்க்கும். கட்டுமரம் அதன் மேல் நின்றால், கரையிலுள்ள கொடிக்கம்பம் பின்னாலிருக்கும் பெரிய மணல்மேட்டு உச்சிக்கு நேராகத் தெரியும். அதுதான் அடையாளம். அன்றைக்கே கஸ்பார் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். கரையில் கம்பமே இல்லை. வந்த கோபத்தில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்து, 'உளறல்' என்று எழுதி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த நோட்டை அடைக்கலமேரி எடுத்துப் பார்த்தாள்.

"கம்பமா? ஏதோ கம்பம் புயல்ல சாஞ்சுதுன்னு நீங்கதானே ஒருநாள் எனக்குப் படிச்சுக் காட்டினீங்க?"

"அது உப்புப் பெட்டி, மேரி!"

"உப்பா இருந்தா என்ன, மீனா இருந்தா என்ன? கம்பம் கம்பந்தானே?"

கஸ்பார் எழுந்த வேகத்தில் தலை அலமாரியில் இடித்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை. உப்புப் பெட்டிக்குள் தலையை விட்டவர், பழுப்பேறிய வரைபடம் ஒன்றோடு வெளியே வந்தார். உப்புப் படகுகளுக்காக முகத்துவாரத்தில் நட்ட கொடிக்கம்பம். சர்க்கார் எல்லைக்கல்லுக்கு வடக்கே நூற்றிருபது அடி. செங்கல் மேடை. 1838-இல் புயலில் சாய்ந்தது, மறுபடி நடவில்லை என்று ஓரத்தில் குறிப்பு.

"மேரி! நூத்துப் பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி விழுந்த கம்பம்! அதைக் கண்ணால பார்க்காதவன் அடையாளமா வச்சிருக்க முடியுமா? இவங்க பாட்டன் பூட்டனெல்லாம் அங்கதான் இருந்திருக்கான்!"

அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். பிறகு அந்தச் சிவப்புக் கோடு கண்ணில் பட்டது. மனுஷனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முகத்துவாரத்தில் ஐம்பது வீட்டு ஜனமும் திரண்டு நின்றது. அதிகாரி வரைபடத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வரைபடத்தில் குப்பம் என்று ஒரு வார்த்தைகூட இல்லையே. நீங்களே இதைப் படித்துவிட்டு இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் இல்லையா?"

அப்பாவு துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனுக்குப் படிக்கவே தெரியாது சார். கடல்லேர்ந்து நான் எடத்தக் காட்டறேன். பேப்பரு உன் பாக்கெட்லயே கெடக்கட்டும்."

அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. சர்வேயர் கலீலுல்லாவையும் கூடவே அனுப்பினார். பாவம் கலீலுல்லா, கட்டுமரத்தில் ஏறினதிலிருந்து அல்லாவைக் கூப்பிட்டபடியே போனார். கொஞ்ச தூரம் போனதும் அப்பாவு கயிற்றில் கட்டிய கல்லை விட்டு விட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் பாறை தட்டியது. கரையில் கஸ்பார் சிவப்புத் துண்டு கட்டிய மூங்கிலைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல்லிலிருந்து வடக்கே நடந்தார். மூங்கில் மணல்மேட்டு உச்சிக்கு நேரே வரும்வரை கலீலுல்லா சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. சட்டை ஆடிக்கொண்டே இருந்தது. கஸ்பார் நடந்துகொண்டே இருந்தார். திடீரென்று சட்டை நின்றது!

டேப்பைப் பிடித்து அளந்தார்கள். நூற்றுப் பதினேழு அடி.

"மூன்று அடி குறைகிறது" என்றார் அதிகாரி.

ஆனால் தாயம்மா ஏற்கெனவே முட்டிபோட்டு மணலை வாரிக்கொண்டிருந்தாள். "பாத்துகினு நிக்கறீங்களே, தோண்டுங்கடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். முழங்கால் ஆழம், இடுப்பாழம். பிறகு மண்வெட்டி ணங்கென்றது. செங்கல்! ஆறடிக்கு ஆறடி மேடை, நடுவில் கம்பம் நட்ட குழி. மூங்கில் ஊன்றின இடம் மேடையின் ஓரத்துக்குள்ளேயே விழுந்திருந்தது.

கரையே கூத்தாடியது. அதிகாரி குழிக்குள் இறங்கி, ஒரு செங்கல்லைத் தடவிப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். பைலைத் திறந்தார். எப்போதிலிருந்து குடியிருக்கிறார்கள் என்ற இடத்தில் 1945 என்று முன்பே எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, மேலே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, பைலைக் கஸ்பாரிடம் நீட்டினார்.

"நைனா, இன்னா எழுதிகீறாரு?" என்று தாயம்மா மண் கையோடு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கஸ்பார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். "முகத்துவாரக்குப்பத்தார், 1838-க்கு முன்பிருந்தே இங்கே குடியிருப்பவர்கள். காலி செய்ய வேண்டியதில்லை."

தாயம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"நைனா" என்றாள், "இன்னொரு தபா படி."