ஆவணியில் திறக்கும் கடை

போன வாரம் மதுரையில் பஸ்சில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் வண்டி நின்றபோது, ஒரு காலத்தில் எங்கள் கடை இருந்த மூன்று மாடிக் கட்டிடத்தின் நெற்றியில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. பட்டுப்புடவையில் சிரிக்கிற ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'விரைவில் திறப்பு விழா'. துணிக்கடை வருகிறது போலிருக்கிறது. வரட்டும், எனக்கென்ன? ஆனால் வண்டி கிளம்பிய பிறகும் அந்த 'விரைவில்' என்ற சொல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதே கட்டிடத்துக்காக, அதே சொல்லை நம்பி, ஓர் ஆடி மாதம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் நான்.

உங்களிடம் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அம்மா கைநாட்டு, அப்பா கைநாட்டு. நான் போடியில் பி.காம். கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மதுரையிலிருந்து ஒருவர் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தார். இசைக்கருவிகள் விற்கிற பெரிய கடை, தென்மாவட்டத்திலேயே இவ்வளவு பெரிதாக இல்லை, மூன்று மாடி, லிப்ட், கண்ணாடி என்று அடுக்கினார். எல்லாரும் வரிசையில் நின்றோம்.

"சங்கீதம் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது சார். ஆனா ஒரு தடவ சொல்லிக் குடுத்தா மறுதடவ கேக்க மாட்டேன்."

என் வாய்த்துடுக்குக்கு வேலை கிடைத்தது என்று தோழிகள் சொன்னார்கள். இருக்கலாம்.

வைகாசியில் பயிற்சிக்கு மதுரைக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது வந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புது வார்னிஷ், ஈரப் பெயின்ட், தெர்மாகோல். பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர் எழுதி ஒட்டி, தட்டுகளில் வைப்பது எங்கள் வேலை. கித்தாரின் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டே நாளில் விரல் நுனிகள் தடித்துப்போயின. பக்கத்தில் நின்ற மதுரைப் பெண் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னப்பா இது, நகத்துல கறுப்பா? மருதாணி வச்சு அழிஞ்சுபோச்சா?" என்றாள்.

"ஏலக்காய்க் கறை. பத்து நாள்ல போயிரும்" என்றேன்.

ஏலக்காய் என்று ஏன்தான் சொன்னேனோ. அன்றிலிருந்து கடை மூடும் நாள் வரைக்கும் ஊருக்குப் போய்வந்தால் பத்துப் பேர் வீட்டுப் பாயசத்துக்கு நான்தான் படியளக்க வேண்டியிருந்தது.

அந்தக் கறை வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊர் சிலமலை. அங்கிருந்து கருக்கலில் ஜீப்புகள் கிளம்பி, போடி வழியாக மலைமெட்டு ஏறி, அந்தப் பக்கத்துக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோகும். சாயங்காலம் இறக்கிவிடும். அம்மா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே போகிறவள். விடுமுறை நாட்களில் நானும் போவேன். பரீட்சை முடிந்த கோடையில் ஏலச்செடியின் காய்ந்த தண்டு கழிக்கப் போனதில் ஒட்டிய சாறுதான் அந்தக் கறை. எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர். அந்த வளைவுகளில் யார் மடியில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதெல்லாம் தனிக் கதை. ஆனால் அந்த நெரிசலிலும் ஒரு சட்டம் உண்டு. ஆடியில் காய் எடுப்புத் தொடங்கும் முதல் நாள் யார் எந்த இடத்தில் உட்கார்கிறார்களோ, தை முடிகிற வரைக்கும் அந்த இடம் அவளுடையது. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வராவிட்டால் போயிற்று, வெளியே காத்திருக்கிறவள் ஏறிக்கொள்வாள். யாரும் எழுதிவைத்ததில்லை. யாரும் மீறியதும் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில், டிரைவருக்குப் பின்னால், என் இடம் இருந்தது; கல்லூரி நாட்களில் அம்மா அதில் வேறொருத்தியை ஏற்றிக் காப்பாற்றி வைப்பாள்.

கடையை ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் திறப்பதாக இருந்தார்கள். பயிற்சி முடிந்ததும், "ஊருக்குப் போயிட்டு வாங்க, போன் பண்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மதுரையில் வேலை, மூன்று மாடி, லிப்ட் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். இசைக்கருவிகள் விற்கிற கடை என்று சொன்னால் எங்கள் தெருவுக்கு விளங்கவில்லை. ராக்கம்மா அத்தை என்று ஒருத்தி, அம்மாவோடு ஜீப்பில் போகிறவள், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மைக்செட்டு கடையா? அதுக்கு எதுக்குடி பி.காமு?"

அதிலிருந்து அது 'பாட்டுக்கடை' ஆனது.

ஆனியின் கடைசி வாரம் போன் வந்தது. முகப்புக் கண்ணாடியை இறக்கும்போது உடைந்துவிட்டதாம், புதிது சென்னையிலிருந்து வரவேண்டுமாம். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் கடை திறப்பார்கள்? "ஆவணில வச்சுக்கலாம்மா, விரைவில் சொல்றோம்" என்றார்கள். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

காய் எடுப்புத் தொடங்கும் நாள் நெருங்கியது. எனக்கு இரண்டு மனமாக இருந்தது. ஜீப்பில் ஏறினால், கடைக்காரர்கள் கூப்பிடுகிற நாளில் இடத்தை விட்டுவிட்டு ஓடவேண்டும். அப்புறம் அந்த வருஷம் முழுக்க அந்த ஜீப் பக்கம் போகமுடியாது. ஏறாவிட்டால், கடை திறக்காமல் போனால், இரண்டும் இல்லாமல் தெருவில் நிற்கவேண்டும். அம்மாதான் சொன்னாள்: "நீ வீட்ல இரு. எடத்த நான் பாத்துக்கிறேன்." அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வாள். தன் தூக்குவாளியை என் இடத்தில் வைத்துப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆடிக் காற்றுத் தெரியுமல்லவா உங்களுக்கு? மலையில் சாரல், எங்கள் ஊரில் வெறும் காற்று. கூரைத் தகரம் நாளெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். நான் தினமும் கடையின் போன் எண்ணை அடித்துப் பார்ப்பேன். வேலை உத்தரவில் அந்த ஒரு எண்தான் இருந்தது. மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து மணியும் அடிக்கவில்லை. பால் வாங்கப் போனால் டீக்கடைக்காரர், "என்னாத்தா, பாட்டுக்கடை தெறந்தாச்சா?" என்பார். முதலில் சிரித்தேன். பிறகு பால் வாங்க அப்பாவை அனுப்பினேன்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. மதுரைக்குச் சரக்கு ஏற்றிப்போன பக்கத்துத் தெரு லாரிக்காரர், "நீ சொன்ன கட்டிடம் தானம்மா, அத பேங்க்குக்கு விட்டுட்டாங்க போல. பேங்க்கு போர்டு மாட்டிக்கிட்டு இருக்கான்" என்றார். தெருவெல்லாம் சொல்லிவைத்த என் வாயை நினைத்தால் எனக்கே அறையவேண்டும் போல இருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. விடிந்ததும் நானே போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டால், யாரும் எதுவும் கேட்காமலே எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது.

மறுநாள் கருக்கலில் எழுந்தபோது அம்மா கிளம்பிப் போயிருந்தாள். சுடிதாருக்கு மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் சோற்றை அள்ளிப்போட்டுக்கொண்டு, ஜீப் நிற்கும் ஊர் மந்தைக்கு ஓடினேன். ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா தன் இடத்தில் இருந்தாள். என் இடத்தில் எங்கள் பின்தெருவைச் சேர்ந்த முத்துப்பேச்சி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள்.

"பேச்சி, எந்திரி. அது என் எடம்."

பேச்சி என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மலையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. நீதான பாத்துக்கிறேன்னு சொன்ன?"

"எடம் இல்ல. வீட்டுக்குப் போ."

"அடி ஆத்தி!" என்று பின்னாலிருந்து ராக்கம்மா அத்தையின் குரல். "பெத்த மகளுக்கே எடம் இல்லையாம்ல. மூணு மாடியிலயும் எடம் இல்லையாமா ஆத்தா?"

வண்டி முழுக்கச் சிரித்தது. டிரைவர் செல்வம் அண்ணனுக்கு மட்டும் பாவமாகிவிட்டது. "அக்கா, பின்னால படியில தொத்திக்கிட்டு வரட்டும்க்கா. போடி தாண்டுனதும் உள்ள நெருக்கி உக்காந்துக்கலாம்" என்றார்.

"அவள ஏத்துன, நான் எறங்கிக்கிறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா இறங்கினால் அவள் இடமும் போய்விடும், எங்கள் வீட்டில் உலை ஏறாது என்பது அந்த ஜீப்பில் எல்லாருக்கும் தெரியும். அவள் ஒரு காலை வெளியே வைத்தும்விட்டாள். செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நகர்ந்துகொண்டேன். "வெரசா எடுப்பா, அங்க தோட்டத்துச் சேச்சி கத்தும்" என்று யாரோ சொல்ல, வண்டி போய்விட்டது.

அத்தனை பேர் முன்னால் பெற்றவளே விரட்டியது எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, முகம் கழுவி, பஸ் ஏறினேன். பேங்க் போர்டை என் கண்ணால் பார்த்துவிடுவது, அப்புறம் என்ன செய்வது என்று யோசிப்பது. தேனி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, வழியெல்லாம் கைப்பிடிக் கம்பியை நெரித்துக்கொண்டே போனேன்.

பேங்க் போர்டு இருந்தது. பக்கத்துக் கட்டிடத்தில்.

எங்கள் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், "யாரும்மா?" என்றார்.

"நான் இங்க வேலை பாக்குறவ."

"கடையே தெறக்கல, வேலை பாக்குறாளாம்" என்று சிரித்தார். மேலாளர் கண்ணாடிக்காகச் சென்னை போயிருப்பதாகவும், வயரிங் வேலை நடப்பதால் போனைக் கழற்றிப் போட்டிருப்பதாகவும், ஆவணியில் கட்டாயம் திறக்கிறார்கள் என்றும் சொன்னார். குனிந்து ஷட்டருக்குள் பார்த்தேன். நான் பெயர் எழுதி ஒட்டிய பெட்டிகள் வைத்தபடி இருந்தன. மேல்மாடியில் யாரோ பியானோவைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினார். கொஞ்சம் முறுக்கி மறுபடி தட்டினார். சுருதியில் வந்து நிற்கிற வரைக்கும் விடவில்லை. நான் படியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அந்தக் கடையில் நான் கேட்ட முதல் கச்சேரி அதுதான்.

சாயங்காலம் அம்மா நனைந்து வந்தாள். ஏலக்காயும் ஈரமும் சேர்ந்த வாடை வீட்டுக்குள் வந்தது. சோறு போட்டு வைத்தேன். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"எடத்த எப்பக் குடுத்த?"

"மொத நாளே."

"மொத நாளேவா? ஏம்மா?"

"காலியா வச்சிருந்தா நீ வந்து உக்காந்துருவ. உன்னய எனக்குத் தெரியாதா?"

"கடை தெறக்காமப் போயிருந்தா?"

அம்மா துவட்டிய தலையையே மறுபடியும் துவட்டினாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தெறக்காட்டி இன்னொருத்தன் தெறப்பான். ஊறுகாயக் கொண்டா" என்றாள்.

கடை ஆவணியில் திறந்தது. போடிக்காரி என்பதால் விருந்தினருக்கு ஏலக்காய் மாலை வாங்கிவரும் பொறுப்பு என் தலையில். அம்மா வரவில்லை. அவளுக்குக் காய் எடுப்பு. ரிப்பன் வெட்டியதும் கூட்டம் உள்ளே பாய்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் தட்டியது. தவில், டிரம்ஸ், கீபோர்டு, மிருதங்கம் எல்லாம் ஒரே நேரத்தில். காது கிழிந்தது. எனக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது. அந்த மாலையிலிருந்த காய்களில் ஒன்றையாவது அம்மா கிள்ளியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சில வருஷங்களில் ஜனங்கள் வந்து தட்டிப் பார்த்து, விலைச்சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் போனில் வாங்கத் தொடங்கினார்கள். முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்கு வெளியே கிடங்கு எடுத்தார். இப்போது அந்தக் கிடங்குக்கு நான்தான் பொறுப்பு. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். கருவிகள் பெட்டியோடு வருகின்றன, பெட்டியோடு போகின்றன. யாரும் எதையும் தட்டுவதில்லை.

ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். முட்டிவலி வந்த பிறகு அவள் மலைக்குப் போவதில்லை. முத்துப்பேச்சி திருப்பூருக்குப் போய்விட்டாள். தோட்டங்களில் வடக்கேயிருந்து வந்தவர்கள் அங்கேயே தங்கி வேலை செய்கிறார்கள்.

"ஜீப்புல இப்ப எடம் காலியாக் கெடக்காமேம்மா?"

"ஆமா. ஆறேழு பேருதான் போறாக. காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்."

"அப்ப நான் வரட்டா?"

"செல்வத்துக்கிட்ட எப்பவோ சொல்லி வச்சாச்சு" என்றாள் அம்மா. "நீ வந்தா ஏத்தக் கூடாதுன்னு."

செல்வம் அண்ணன் அந்த ஜீப்பை வேறு ஆளிடம் விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய் வெகுநாளாகிறது. அம்மாவுக்கும் அது தெரியும்.