பதினோரு மாதம் நடவடிக்கையில் இருந்த பாலம்

நகரமன்றக் கூட்டத்தில் யார் எதை உளறினாலும் மறுநாள் மதியத்துக்குள் அது ஒழுங்கான வாக்கியமாகிவிடும். அப்படி ஆக்குகிறவளுக்கு வயது நாற்பத்தேழு. கூட்டக் குறிப்பு எழுதுவதால் குறிப்பக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். மன்றத் தலைவர் அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் அவளுக்கு நல்ல வருஷம். கேட்டால் கொஞ்சம் சங்கடத்தோடு ஒப்புக்கொள்வாள். பத்தொன்பது வருஷம் தற்காலிகமாகவே இருந்த வேலை பிப்ரவரியில் நிரந்தரமாயிற்று. இரண்டு முறை கோட்டைவிட்ட துறைத் தேர்வில் மூன்றாம் முறை தேறினாள். தேநீரில் சர்க்கரையை விட்டாள். தூக்க மாத்திரையையும் விட்டாள். மாதாந்தரக் கூட்டமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து கைவந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "உங்க உறுப்பினர்கள் எவ்வளவு தெளிவா பேசுறாங்க!" என்று வியந்துவிட்டுப் போனார். உறுப்பினர்கள் அதை நம்பவும் செய்தார்கள்.

ஊருக்குத்தான் அது நல்ல வருஷமாக இல்லை. அவள் தெருவுக்குப் பின்னால் கால்வாய். அதன் மேலிருந்த நடைபாலத்தில் நாலு பலகை உடைந்து, முந்தின டிசம்பரில் இரண்டு முனையிலும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அவளோடு குடியிருக்கும் அக்கா, கால்வாய்க்கு அந்தப்புறம் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. நாலு நிமிஷத்தில் போய்க்கொண்டிருந்தவள், பெரிய சாலையைச் சுற்றி இருபத்தைந்து நிமிஷம் நடந்தாள். திரும்பி வரும்போது நாற்பது ஆகும், கால் வீங்கியிருப்பதால்.

ஜனவரிக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பாலத்தைப் பற்றிக் கேட்டார். தலைவர் கொட்டாவியை முடித்துக்கொண்டு சொன்னார்: "பாலம்தானே... ஆங்... அது எங்க ஓடிப்போகுது? செஞ்சிரலாம். யாருகிட்டயாவது சொல்லுவோம்."

குறிப்பக்கா எழுதினாள்: 'நடைபாலம் தொடர்பாக உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருவதாகத் தலைவர் தெரிவித்தார்.'

யாரும் அவளை அப்படி எழுதச் சொல்லவில்லை. அரைகுறையாகத் தொங்கும் பேச்சைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இராது, அவ்வளவுதான். பிப்ரவரியில் தலைவர் "அதான் சொன்னேனே" என்றார். அதற்கும் ஒரு வாக்கியம் கிடைத்தது. ஜூனில் வெறுமனே கையை ஆட்டினார். அதற்கு இரண்டு வாக்கியம். அக்கா ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துச் சலவைக்கூடத்துச் சுவரில் ஒட்டினாள். "எந்தங்கச்சி எழுதினது. பாலம் வருது, பாருங்கடி" என்று மற்ற பெண்களிடம் சொல்லிக்கொண்டாள்.

டிசம்பரில் ஆண்டறிக்கை தயாரிக்க வேண்டும். முடிந்தவை, நடவடிக்கையில் உள்ளவை, தொடங்காதவை என்று மூன்று கட்டம். அடுத்த வருஷத்து வேலைப் பட்டியலை மூன்றாவது கட்டத்திலிருந்துதான் எடுப்பார்கள். பாலம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க அவள் பொறியாளர் அறைக்குப் போனாள்.

"பாலமா? அது நம்மகிட்ட இல்லையேம்மா."

"ஏன் இல்ல?"

"அதான் நடவடிக்கையில இருக்கே! மாசா மாசம் குறிப்புல பாக்குறேன். ஏற்கெனவே நடக்குற வேலைய நான் எதுக்குத் திரும்ப எடுக்கணும்? யாரோ செய்றாங்கன்னு நெனச்சேன்."

"யாரு செய்றாங்க?"

"அதை நீங்க எழுதலையே."

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் பதினோரு குறிப்புகளையும் வரிசையாக எடுத்துப் படித்தாள். ஒரு பிசிறு இல்லை. பாலத்தை மூடியது தகரம் என்றால், மூடியே வைத்திருந்தது அவள் எழுத்து. அறிக்கையில் பாலத்தைத் தூக்கி மூன்றாவது கட்டத்தில் போட்டு, 'தொடங்கவில்லை' என்று ஒரே சொல் எழுதினாள்.

தலைவர் கூப்பிட்டனுப்பினார். "என்ன குறிப்பக்கா இது, மூஞ்சில அடிச்ச மாதிரி?"

"நடந்தது அதுதான் சார்."

"நடந்தது கெடக்கட்டும். பதினோரு மாசம் நடவடிக்கையில இருந்தது பன்னெண்டாவது மாசம் தொடங்கவே இல்லன்னா, படிக்கிறவன் நம்மள என்ன நெனைப்பான்?"

"சரியாத்தான் சார் நெனைப்பான்."

அவர் பேனாவை மூடினார். பழையபடி மாற்றினால்தான் கையெழுத்து என்றார்.

"அப்ப பதினோரு குறிப்பையும் திருத்திடறேன் சார். ஒலிப்பதிவு இருக்கு. நீங்க பேசினத பேசினபடியே போட்டுடலாம்."

"நான் அப்படி என்ன பேசிட்டேன்?"

ஜனவரி, பிப்ரவரி இரண்டையும், கூட்டத்தில் கேட்டபடியே கிறுக்கி வைத்த நோட்டிலிருந்து அவள் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்துக் காட்டினாள். ஜூனுக்கு வரும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும் போதும். 'தொடங்கவில்லை'யே இருந்துட்டுப் போகட்டும். ஆனா தப்பு யாரோடதுன்னு ஒண்ணு இருக்கணும்ல? குறிப்பெடுத்ததுல பிழைன்னு உங்க கோப்புல ஒரு மெமோ வைக்கிறேன். மனசுல வச்சுக்காதீங்க." சற்று யோசித்தார். "மெமோவையும் நீங்களே எழுதிக் கொண்டாந்துடுங்களேன். நமக்கு அந்த அளவுக்கு வராது."

அவளே எழுதினாள். தன் கவனக்குறைவைக் கண்டிக்கும் ஏழு வரி, குற்றம் சொல்ல இடமில்லாத ஏழு வரி. அடுத்த பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போகும் என்பது விதிப்புத்தகத்தில் இருந்தது. தலைவர் படிக்காமலே கையெழுத்திட்டார். பாலம் அடுத்த வருஷப் பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக ஏறியது.

சாயங்காலம் அக்கா வந்து செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து, குறிப்பக்கா நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னாள். எதையும் விடவில்லை, எதையும் அழகாக்கவும் இல்லை.

அக்கா குதிகாலைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப இத்தன மாசம் நான் சுத்துனது உன்னாலயா?"

"பாதி என்னாலக்கா."

"மீதி?"

"அவங்க."

"அவங்கள நான் எங்க போய்ப் புடிக்க? நீதான் கைக்குக் கிட்ட இருக்க." அப்படிச் சொன்னாளே தவிர, குரலில் சண்டைக்கான தெம்பு இல்லை. "சரி, நாப்பத்தொண்ணுன்னா எப்ப வரும்?"

"தெரியாதுக்கா. வராமலும் போகலாம்."

அக்கா தங்கையை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"இத மார்ச்சுல சொல்லியிருக்கலாம்ல? அப்ப நம்ம தெருமுனை லாட்ஜ்ல இஸ்திரிக்கு ஆள் கேட்டாங்க. உக்காந்துகிட்டே செய்யலாம்னாங்க. பாலந்தான் வரப்போகுதே, பழகின எடத்த எதுக்கு விடணும்னு வேண்டாம்னுட்டேன்."

"இப்ப கேட்டுப் பாக்கலாமா?"

"அந்த எடத்துல ஆள் வந்து ஒம்பது மாசமாச்சுடி" என்றாள் அக்கா. தங்கை நீட்டிய கையைப் பிடித்து எழுந்துகொண்டாள்.